விலக்கப்பட்ட எழுத்துகள்: தரவுத்தளக் காவலின் வரலாறு

ஓ'பிரையன் என்பது அயர்லாந்து நாட்டில் வழங்கும் பழைய குடிப்பெயர்களுள் ஒன்று. அந்நாட்டு மொழியில் ‘ஓ’ என்பது பெயரன் அல்லது வழித்தோன்றல் எனப் பொருள்படும். பிரையன் என்னும் முன்னோனின் வழிவந்தோர் ஓ'பிரையன் எனப்பட்டனர். அப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுங்கால், ‘ஓ’வை அடுத்து மேலே ஓர் ஒற்றைக் குறி இடுவது வழக்கமாயிற்று. போர்த்துக்கீசியத் தொடர்பால் வந்த டி'சூசா என்னும் பெயரிலும், மலாய்ப் பெயராகிய நோர்'ஐனி போன்றவற்றிலும் இதே குறி உண்டு. மலேசியத் தமிழர் பெயர்களிலோ வேறொரு குறி நிலைபெற்றுள்ளது. மகன் என்பதற்கு ஏ/எல் எனவும், மகள் என்பதற்கு ஏ/பி எனவும் தந்தை பெயருக்கு முன்னர் எழுதப்படுவதையும், சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ என வழங்குவதையும் அறியாதார் இலர். அங்கெல்லாம் சாய்கோடு பெயரின் ஓர் உறுப்பாகவே நிற்கிறது.

இக்குறிகள் காகிதப் பதிவேட்டில் எவர்க்கும் இடையூறு செய்தவை அல்ல. ஆனால் கணினி எழுத்தராக அமர்ந்த பின்னர், ‘விலக்கப்பட்ட எழுத்து உள்ளது, மீண்டும் எழுதுக’ என்னும் மறுமொழியை இப்பெயர்க்குரியோர் காண நேர்ந்தது. தம் பெயரைத் தாம் எழுதியது எவ்வாறு பிழையாகும்? ஒரு சிறு குறி எவ்வாறு குற்றவாளிப் பட்டியலில் இடம்பெற்றது? அக்குறியை விலக்கியதனால் காவல் கிடைத்ததா? இவற்றுக்கு விடை காண, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

சொல்வதெழுதுதலில் உள்ள சிக்கல்

வகுப்பறையில் ஆசிரியர் சொல்வதெழுதுதல் நடத்துகிறார். வாக்கியத்தைச் சொல்லி முடித்து, ‘முற்றுப்புள்ளி’ என்கிறார். தேர்ந்த மாணவன் ஒரு புள்ளியை இடுகிறான். புதிதாகச் சேர்ந்த சிறுவனோ ‘முற்றுப்புள்ளி’ என்னும் சொல்லையே எழுதிவிடுகிறான். இருவர் காதிலும் விழுந்த ஒலி ஒன்றே. ஒருவன் அதனைக் கட்டளையாகக் கொண்டான். மற்றவன் பாடப்பொருளாகக் கொண்டான். கட்டளையும் பொருளும் ஒரே குரலில், ஒரே வழியாக வந்தமையே குழப்பத்துக்குக் காரணம்.

ஆசிரியர் குரலை மாற்றியோ, கையை அசைத்தோ இக்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வார். ஆங்கிலத் தந்திகளில் வாக்கிய முடிவைக் காட்ட ‘ஸ்டாப்’ என்னும் சொல்லையே எழுதும் வழக்கம் இருந்தது. அங்கும் படிப்பவர் மனிதர் ஆதலின், எது செய்தி, எது குறிப்பு என உய்த்துணர்ந்துகொண்டார். பொறிக்கு அத்தகைய உய்த்துணர்வு இல்லை. பொறி இதில் ஏமாந்ததற்குப் புகழ்பெற்ற முன்னிகழ்ச்சி ஒன்று தொலைபேசித் துறையில் உண்டு. தரவுத்தளக் கதையை அறிய அதுவே நல்ல வாயில்.

தொலைபேசிக் கம்பி கற்பித்த பாடம்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்கத் தொலைபேசிக் குழுமத்தின் நெடுந்தொலைவு இணைப்புகளில், மக்கள் பேசும் குரலும் நிலையங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கட்டளைகளும் ஒரே கம்பியில் சென்றன. இணைப்பு பயன்படாமல் ஓய்ந்திருக்கிறது என்பதைக் காட்ட, நொடிக்கு 2600 அதிர்வு கொண்ட ஓர் ஒலி அக்கம்பியில் இடப்பட்டது. அவ்வொலி கேட்டால், ‘பேச்சு முடிந்தது’ என மறுமுனைப் பொறி கொள்ளும்.

பார்வையற்ற ஜோ எங்கிரசியா என்னும் சிறுவன், 1957-ஆம் ஆண்டையொட்டி, ஏறத்தாழ எட்டு வயதில், அந்த ஒலியைச் சீழ்க்கையாக ஊதினால் இணைப்பு அறுந்துவிடுவதைக் கண்டான். காலைச் சிற்றுண்டிப் பெட்டியொன்றில் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைத்த ஊதுகுழலும் அதே ஒலியைத் தந்தது. இணைப்பைக் கட்டுப்படுத்தும் பிற ஒலிகளின் அளவுகள் 1960-இல் அக்குழுமத்தின் ஆய்வு இதழிலேயே அச்சாயின. அவற்றைக் கொண்டு ‘நீலப் பெட்டி’ எனப்பட்ட கருவிகளைச் செய்து, கட்டணமின்றி உலகெங்கும் பேசினோர் பலர். 1971 அக்டோபரில் ‘எஸ்குவயர்’ இதழ் இதனை விரிவாக வெளியிட்ட பின்னர் இச்செய்தி நாடறிந்ததாயிற்று.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. குற்றமற்றவர் இயல்பாகப் பேசும் பேச்சிலும் அந்த ஒலி சில வேளை அமைந்துவிடும். அப்போது நடுப்பேச்சில் இணைப்பு அறுபட இடமுண்டு. இதனை அறிந்த பொறியாளர், பேச்சொலியையும் கட்டளையொலியையும் பிரித்தறியக் காப்புச் சுற்றுகளை அமைத்தனர். அவை நேர்மையாளர்க்கு ஓரளவு துணை செய்தன. தூய ஒலியை வேண்டுமென்றே ஊதியவனைத் தடுக்கவில்லை. முடிவில், 1976 முதல், கட்டளைகளுக்கெனத் தனி வழி அமைக்கப்படலாயிற்று. குரல் ஒரு வழியிலும் கட்டளை மற்றொரு வழியிலும் சென்றபின், ஊதுகுழல் வெறும் ஊதுகுழலாயிற்று. எந்த ஒலியையும் எவரும் விலக்க வேண்டிய தேவை அங்கு இல்லை.

கேள்வி மொழி பிறந்த கதை

தொலைபேசித் துறை இப்பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், கணினித் துறை அதே சிக்கலுக்கு வித்திட்டது. 1970 சூன் திங்களில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பார் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருந்தொகையான விவரங்களை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் போன்று, வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாகக் கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அக்கொள்கையின் வழிவந்தவையே.

அவ்வட்டவணைகளிலிருந்து வேண்டியதைக் கேட்டுப் பெற ஒரு மொழி தேவைப்பட்டது. டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவர் 1974-இல் அத்தகைய மொழியொன்றை அறிவித்தனர். பின்னாளில் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது அதுவே. 1979-இல் அது விற்பனைக்கு வந்தது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதனை ஏற்றது. கணக்கர், பொறியாளர், கட்டடக் கலைஞர், நகரமைப்பாளர் முதலியோரும் நிரல் எழுதக் கல்லாமலே கணினியைக் கேள்வி கேட்கவேண்டும் என்பதே அதனைப் படைத்தோர் நோக்கம். ஆகவே அதனை ஆங்கில வாக்கியம் போன்றே அமைத்தனர். வாக்கியத்தில் இடம்பெறும் பெயர் போன்ற பொருள்களை ஒற்றை மேற்கோள் குறிக்குள் அடைத்தனர். அதனைத் தமிழில் பெயர்த்துக் காட்டின் இவ்வாறு இருக்கும்:

தருக: மாணவர் பட்டியல்; நிபந்தனை: பெயர் = 'கண்ணன்'

முதல் மேற்கோள் குறியில் பொருள் தொடங்குகிறது. அடுத்த மேற்கோள் குறியில் முடிகிறது. குறிக்குள் இருப்பது பொருள்; வெளியே இருப்பது கட்டளை. இரண்டையும் பிரிக்கும் வேலி அந்த ஒற்றைக் குறி ஒன்றே. ஓ'பிரையன் என்னும் பெயரை அப்படியே இட்டால், ‘ஓ’ என்பதோடு பொருள் முடிந்ததாகப் பொறி கருதும். ‘பிரையன்’ என்பதைக் கட்டளையாகப் படிக்க முயன்று பொருள் விளங்காமல் நிற்கும். அதனால் பெயருக்குள் வரும் குறியை இரட்டித்து எழுதுக என மொழியிலேயே விதி வகுத்தனர்.

அக்காலத்தில் இது போதுமானதாக இருந்தது. கேள்வியை எழுதியவரும் அதன் விடையைப் பெறுபவரும் ஒருவரே. அவர் அலுவலகத்துள் தம் இருக்கையில் அமர்ந்திருந்தார். தம் அலுவலகப் பட்டியலைத் தாமே சிதைக்க அவர் வேடிக்கையாகவும் எண்ணமாட்டார். வேலி தாழ்ந்திருந்தும் ஊருக்குள் அயலார் இல்லை.

அயலார் வந்தபோது

1990-களில் வையவிரிவு வலை பரவியது. 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழக நடுவம் ஒன்றில் வகுக்கப்பட்ட முறையின் வாயிலாக, வலைப்பக்கத்தில் ஒருவர் எழுதும் சொற்கள் தொலைவிலுள்ள கணினியின் நிரலுக்குச் செல்ல வழி ஏற்பட்டது. கடைகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள் ஆகியன படிவங்களை வலையில் இட்டன. யாரென்று அறியாத ஒருவர் எழுதிய சொல், கட்டளை வாக்கியத்தின் நடுவே ஒட்டப்பட்டது. நிரலர் பாதி வாக்கியத்தை எழுதினார். அயலார் மீதியை நிரப்பினார்.

அந்த அயலார் பெயருக்குரிய கட்டத்தில் பின்வருமாறு எழுதினால் என்னாகும்?

கண்ணன்' அல்லது '1' = '1

இதனை நிரல் தன் மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒட்டிய பின் கிடைக்கும் வாக்கியம் இது:

தருக: மாணவர் பட்டியல்; நிபந்தனை: பெயர் = 'கண்ணன்' அல்லது '1' = '1'

ஒன்று எப்போதும் ஒன்றே. ஆகவே நிபந்தனை ஒவ்வொரு வரிக்கும் பொருந்துகிறது. பட்டியல் முழுவதும் அயலார் கைக்குச் செல்கிறது. மற்றொருவர் அரைப்புள்ளியிட்டு முதற்கட்டளையை முடித்து, ‘பட்டியலை அழி’ என இரண்டாம் கட்டளையைச் சேர்க்கவும் சில தரவுத்தளங்கள் இடங்கொடுத்தன. பூட்டு உடைபடவில்லை, கடவுச்சொல் திருடப்படவில்லை. காவலாளி படித்த ஆணையிலேயே அயலார் இரண்டு சொற்களைச் செருகிவிட்டார், அவ்வளவே.

1998 டிசம்பர் 25-ஆம் நாள் வெளிவந்த ‘பிராக்’ மின்னிதழின் 54-ஆம் மலரில், புனைபெயரில் எழுதிய ஒருவர் இவ்வழியை விளக்கினார். இதற்கு ‘எஸ்.கியூ.எல். ஊடுருவல்’ என்பது பின்னர் நிலைத்த பெயர்.

தடைப்பட்டியலின் காலம்

நோய் தெரிந்தவுடன் பலர் நாடிய மருந்து எளியது. மேற்கோள் குறியால் தீங்கு வந்தது. ஆகவே மேற்கோள் குறியை விலக்குக. அரைப்புள்ளியால் தீங்கு வந்தது, அதனையும் விலக்குக. இவ்வாறு சாய்கோடு, இரட்டைச் சிறுகோடு, சமக்குறி எனத் தடைப்பட்டியல் வளர்ந்தது. சில நிரலர் எழுத்தோடு அமையாது, ‘தேர்ந்தெடு’, ‘அழி’, ‘அல்லது’ என்பவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களையும் விலக்கினர். விலக்கிய எழுத்து காணப்பட்டால் படிவத்தை ஏற்க மறுப்பது ஒரு முறை. சொல்லாமல் நீக்கிவிடுவது மற்றொரு முறை.

இக்காவல் தோற்றமைக்குக் காரணங்கள் பல. முதலாவது, எண்ணைக் கேட்கும் கட்டத்தில் மேற்கோள் குறிக்கே வேலையில்லை. ‘வரிசை எண் = 5’ என்று அமையும் கட்டளையில், 5-க்குப் பதிலாக ‘5 அல்லது 1 = 1’ என எழுதினால் போதும். மேற்கோள் குறியைத் தேடிய காவலாளி ஒன்றும் காணாமல் வழிவிடுவான்.

இரண்டாவது, நீக்கும் முறை தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். ‘அழி’ என்னும் சொல்லைக் கண்டால் நீக்குக என்பது விதி என்க. அயலார் ‘அஅழிழி’ என எழுதுகிறார். காவலாளி நடுவிலுள்ள ‘அழி’யை நீக்குகிறான். எஞ்சி நிற்பது என்ன? முதல் ‘அ’வும் இறுதி ‘ழி’யும் சேர்ந்து மீண்டும் ‘அழி’ ஆகின்றன. நீக்கியவன் கையாலேயே விலக்கிய சொல் உருவாயிற்று. ஆங்கிலச் சொற்களிலும் இத்தந்திரமே கையாளப்பட்டது. பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கலந்தெழுதித் தப்பியதும் உண்டு.

மூன்றாவது, தடையைப் பயனரின் கணினித் திரையிலேயே அமைத்துவிட்டுப் பலர் அமைதியடைந்தனர். திரையில் இயங்கும் சோதனை பயனர் கையில் உள்ள சோதனை. அதனை அணைத்துவிட்டு நேரே செய்தி அனுப்புவது திருடனுக்கு அரிய செயலன்று. அது நேர்மையாளர்க்குப் பிழை காட்டும் வசதி. அதனைக் காவல் என்று கொள்ளலாகாது.

மற்றொரு வகை மருந்தும் பெரிதாகப் பரவியது. வலைப்பக்கங்களை ஆக்குவதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்திய பி.எச்.பி. மொழியில், ‘மாயமேற்கோள்’ எனப் பொருள்படும் ஏற்பாடு ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னர் அது தானாகவே ஒரு பின்சாய்கோட்டை இட்டுவிடும். ‘அடுத்து வரும் குறி கட்டளையன்று’ என்பது அப்பின்சாய்கோட்டின் பொருள். நோக்கம் நல்லதே. ஆனால் எல்லாச் சொற்களும் தரவுத்தளத்துக்குச் செல்வனவல்ல. மடலிலும் திரையிலும் தோன்றவேண்டிய பெயர்களிலும் பின்சாய்கோடு புகுந்தது. இரு முறை புகுந்த இடங்களும் உண்டு. எல்லாத் தரவுத்தளங்களும் பின்சாய்கோட்டை ஒரே பொருளில் கொள்ளவுமில்லை.

இதனினும் வியப்பானது 2006-இல் விளக்கப்பட்ட ஒரு நிகழ்வு. சீன எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் ஜி.பி.கே. என்னும் முறையில் ஒரு சீன எழுத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. அவ்விரண்டாம் எண் சில எழுத்துகளில் பின்சாய்கோட்டின் எண்ணாகவே அமையும். அயலார், சீன எழுத்தின் முற்பாதியாகத்தக்க ஓர் எண்ணையும் அதனை அடுத்து மேற்கோள் குறியையும் அனுப்புகிறார். காவல் நிரல் நடுவே பின்சாய்கோட்டைச் செருகுகிறது. தரவுத்தளமோ முற்பாதி எண்ணையும் பின்சாய்கோட்டையும் சேர்த்து ஒரு சீன எழுத்தாகப் படித்துவிடுகிறது. மேற்கோள் குறி காவலின்றித் தனித்து நிற்கிறது! இடப்பட்ட காவலே திருடனுக்கு ஏணியாயிற்று. மாயமேற்கோள் 2009-இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 2012-இல் அம்மொழியினின்றும் அறவே நீக்கப்பட்டது.

இழப்பின் அளவு

இவையெல்லாம் நிரலர்களின் சொற்போர் என எண்ணுதல் தவறு. அமெரிக்காவில் கடன் அட்டைக் கொடுப்பனவுகளைக் கையாளும் ஹார்ட்லாந்து நிறுவனம் தன் கணினிகள் ஊடுருவப்பட்டதை 2009 சனவரியில் அறிவித்தது. அந்நிறுவனத்திலும் பிறவற்றிலுமாக 13 கோடிக்கு மேற்பட்ட அட்டை எண்கள் களவாடப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. முதல் நுழைவாயிலாக அமைந்தது எஸ்.கியூ.எல். ஊடுருவலே. தலைமைக் குற்றவாளி ஆல்பர்ட் கொன்சாலசுக்கு 2010 மார்ச்சில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கிலாந்தின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு 2015 அக்டோபரில் இதே தாக்குதல் நேர்ந்தது. 1,56,959 வாடிக்கையாளரின் விவரங்கள் வெளிச்சென்றன. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு எண்களும் அடங்கும். 2009-இல் வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய வலைப்பக்கங்களே வாயிலாயின. அந்த ஆண்டிலேயே முன்னர் இருமுறை அதே வகை முயற்சிகள் நடந்திருந்தன. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 2016 அக்டோபரில் 4 இலட்சம் பவுன் தண்டம் விதித்தது. பிராக் இதழ் வழியை விளக்கி 17 ஆண்டுகள் கழிந்திருந்தும் வேலி அடைக்கப்படவில்லை என்பது எண்ணத்தக்கது.

தக்க மருந்து

வருத்தந்தருவது யாதெனின், தக்க மருந்து நோய் பரவுமுன்னரே கையில் இருந்தது. கட்டளையைப் பொருளினின்றும் பிரித்து அனுப்புவதே அம்மருந்து. நிரலர் முதலில் கட்டளையை மட்டும், பெயர் வரவேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டு, தரவுத்தளத்துக்கு அனுப்புவார்:

தருக: மாணவர் பட்டியல்; நிபந்தனை: பெயர் = ( ? )

தரவுத்தளம் இதனைப் படித்துப் பொருள்கொண்டு, செய்யவேண்டுவதை முடிவு செய்துவிடும். அதன் பின்னரே பெயர் தனியாகச் செல்லும். இலக்கண ஆய்வு முன்னமே முடிந்தமையால், பின்வரும் சொல்லில் மேற்கோள் குறி இருந்தாலும், ‘பட்டியலை அழி’ என்றே எழுதியிருந்தாலும், அது வெறும் பெயராகவே கருதப்படும். அத்தகைய பெயருடையார் பட்டியலில் இல்லை எனத் தரவுத்தளம் விடை கூறிவிட்டு அமையும். தொலைபேசியில் கட்டளைக்குத் தனி வழி அமைத்ததும் இதுவும் ஒரே கொள்கையின் இரு தோற்றங்கள்.

ஜாவா மொழியில் இவ்வசதி 1997-இலேயே கிடைத்தது. பிராக் கட்டுரைக்கு அஃது ஓராண்டுக்கு மேல் மூத்தது. ஆனால் சிறு வலைத்தளங்கள் பெரிதும் நம்பியிருந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு அவ்வசதி 2004-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பாடநூல்களிலும் பழக்கத்திலும் ஒட்டி எழுதும் முறையே வேரூன்றிவிட்டது. தவறான முறையை முதலில் கற்றவர் அதனை மறப்பது அரிது என்பதை ஆசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வலைப் பாதுகாப்பை ஆராயும் ஓவாஸ்ப் அமைப்பு, 2010, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இடர்ப்பட்டியல்களில் ஊடுருவல் முதலிடம் பெற்றது. 2021-இல் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

இம்மருந்துக்கும் எல்லை உண்டு. அட்டவணையின் பெயர், பத்தியின் பெயர் ஆகியவற்றை வெற்றிடத்தில் பின்னர் நிரப்ப இயலாது. பயனர் தேர்வுக்கேற்ப அவை மாறவேண்டின், ஏற்கத்தக்கவை இன்னின்ன எனச் சிறு பட்டியல் வகுத்து அதனுள் அடங்குவதை மட்டும் ஏற்றல் வேண்டும். ஒரு முறை ஒழுங்காகச் சேமித்த பெயரை, பின்னர் எடுத்து வேறொரு கட்டளையில் ஒட்டினால் பழைய தீங்கு மீண்டும் முளைக்கும். வலைப்பக்கத்துக்காக இயங்கும் நிரலுக்கு அட்டவணையை அழிக்கும் அதிகாரமே வழங்காதிருத்தலும் நன்று.

மெய்ப்புள்ளியும் குற்றவாளியா?

தடைப்பட்டியல் திருடனைத் தடுக்கவில்லை என்பது மேலே கண்டது. அது தடுத்தது யாரை? ஓ'பிரையனையும் டி'சூசாவையும் நோர்'ஐனியையும் தடுத்தது. ஏ/எல் எழுதுவோரையும் தடுத்தது. சாய்கோட்டை ஏற்காத படிவத்தில் ஒருவர் அதனை விட்டு எழுதுகிறார். மற்றொரு படிவத்தில் இடைவெளி விடுகிறார். வேறொன்றில் ஏஎல் எனச் சேர்த்தெழுதுகிறார். விமானப் பயணச்சீட்டு முறையிலோ சாய்கோடு குடும்பப் பெயரையும் இடுபெயரையும் பிரிக்கும் குறியாதலின் பெயருக்குள் அதற்கு இடமில்லை. கடப்பிதழில் பொறி படிக்கும் பகுதியிலும் ஆங்கில எழுத்து, எண், நிரப்புக்குறி ஆகியவற்றுக்கு மட்டுமே இடமுண்டு. அவையிரண்டும் உலகளாவிய ஏற்பாடுகள். அவற்றுக்குத் தனிக் காரணங்கள் உண்டு. ஆனால் மேற்கோள் குறிக்குள் அடைபட்ட பெயரில் நிற்கும் சாய்கோட்டால் எஸ்.கியூ.எல். வாக்கியத்துக்கு ஒரு கேடும் இல்லை. அங்கு அதனை விலக்குவது அச்சத்தின் விளைவேயன்றி அறிவின் விளைவன்று. பிறப்புப் பத்திரத்தில் ஒரு வடிவம், தேர்வுச் சான்றிதழில் மற்றொரு வடிவம், வங்கியில் பிறிதொரு வடிவம் என ஆனபின், இம்மூவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை பெயருக்குரியவர் தலைமேல் விழுகிறது.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்ததும் கருதத்தக்கது. ஒருங்குறி பரவுமுன்னர், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் வழங்கின. அவற்றுள் பெயர்பெற்ற பாமினியில், அரைப்புள்ளிக்குரிய இடத்தில் மெய்ப்புள்ளி வைக்கப்பட்டது. கணினியின் கண்ணுக்கு அது வெறும் அரைப்புள்ளியே. அத்தகைய எழுத்துருவில் எழுதிய உரையை, அரைப்புள்ளியை நீக்கும் காவல் நிரல் ஒன்றின் வழியே செலுத்தினால், மெய்யெழுத்துகள் அனைத்தும் புள்ளியிழந்து அகரமேறும். ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ என நிற்கும்.

1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. ஆயினும் இடர் முற்றும் ஒழியவில்லை. ஒருங்குறியில் மெய்ப்புள்ளியும், கால், கொம்பு முதலிய உயிர்மெய்க் குறிகளும் ‘எழுத்து’ என்னும் வகையில் அடங்குவதில்லை. ‘சார்குறி’ என்னும் வேறு வகையில் அடங்குகின்றன. கண்ணன் என்னும் பெயர் கணினியில் க, ண, புள்ளி, ண, ன, புள்ளி என ஆறு கூறுகளாக நிற்கிறது; அவற்றுள் நான்கே எழுத்துகள். ‘எழுத்தன்றி வேறெதுவும் கூடாது’ என நல்லெண்ணத்தோடு நிரலர் ஒருவர் விதி வகுத்தால், கண்ணன் மறுக்கப்படுவான், மாலாவும் மறுக்கப்படுவாள். புள்ளியோ குறியோ இல்லாத தமிழ்ப்பெயர் அரிது. அயலெழுத்தை விலக்குவதற்காக எழுந்த விதி, தமிழ்ப்பெயர் அனைத்தையும் அயலாக்கிவிடுகிறது.

சோதனையின் உண்மைப் பணி

இதனால் சோதனையே வேண்டாவென்பது கருத்தன்று. பிறந்த நாள் நாட்காட்டியில் உள்ள நாள்தானா, மதிப்பெண் நூற்றுக்குள் அடங்குகிறதா, அஞ்சல் எண் உரிய நீளத்தில் உள்ளதா எனக் காணுதல் இன்றியமையாதது. அது பொருளின் மெய்ம்மையைக் காக்கும் சோதனை. கட்டளையைக் காப்பது வேறு பணி. அதனை வெற்றிட முறை செய்யும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே தடைப்பட்டியலின் பிழை. பெயர் என்பது சோதித்துத் திருத்தற்குரியதன்று. அதற்குரியவர் எழுதியவாறே காக்கப்படுதற்குரியது.

பள்ளிகளும் சங்கங்களும் உறுப்பினர் பட்டியலைக் கணினிக்கு மாற்றும் காலம் இது. அதற்கென நிரல் எழுதித் தருவோரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டே. பயனர் எழுதும் சொல் கட்டளையோடு ஒட்டப்படுகிறதா, அன்றித் தனியே அனுப்பப்படுகிறதா என்பது ஒன்று. எழுதிய பெயர் எழுதியவாறே திரும்பக் கிடைக்குமா என்பது மற்றொன்று. இரண்டாவதை ஆசிரியர் தாமே ஆய்ந்தறியலாம். ஓ'பிரையன், ஏ/எல் சேர்ந்த ஒரு முழுப்பெயர், தமிழெழுத்தில் கண்ணன் ஆகிய மூன்றையும் பதிவு செய்து, பின் அவற்றைத் தேடிப் பார்த்தல் போதும். மூன்றும் குறையின்றித் திரும்பினால் பெயர்களுக்குக் கேடில்லை. ஒன்றேனும் மறுக்கப்பட்டாலோ சிதைந்தாலோ, முதல் வினாவை மீண்டும் அழுத்திக் கேட்டல் வேண்டும். எழுத்தை விலக்கிக் காவல் தேடும் பழைய முறை அந்நிரலில் இன்னும் இருத்தல் கூடும்.